எல்லன் கெல்லியின் இல்லறம்

ஆஸ்திரேலியக் கொள்ளைத் தலைவன் நெட் கெல்லியின் தாய் என்றே எல்லன் கெல்லியை உலகம் அறியும். ஈண்டு அவர்தம் இல்லறத்தை நோக்குவாம்.

அயர்லாந்தின் ஆண்டிரிம் பகுதியிற் பிறந்த எல்லன், 1841-இல் பெற்றோருடன் போர்ட் பிலிப் அடைந்தார். நாடுகடத்தப்பெற்ற கைதியாக முன்னர் வந்த ஜான் கெல்லியை 1850-இல் மெல்போர்னில் மணந்தார். 1866-இல் கணவர் இறந்தபோது எழுவர் மக்கள் எஞ்சினர். கைம்பெண்ணாகிய அவர் விக்டோரியாவின் கிரெட்டா பகுதியில் 88 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். நிலத்தின் வருவாய் போதாமையால் வழிச்செல்வோர்க்கு உரிமமின்றி மது விற்றலும் நேர்ந்தது.

1878-இல், காவலர் ஒருவரைக் கொல்ல முயன்ற வழக்கில் மூன்றாண்டுக் கடுங்காவல் பெற்றார். அப்போது கையில் பால்மணம் மாறாப் பெண்குழவி இருந்தது. 1880 நவம்பர் 11-இல் மெல்போர்ன் சிறையில் மகன் தூக்கிலிடப்பட்ட நாளில், தாயும் அச்சிறையிலேயே இருந்தார்.

நீதிமன்ற ஏடுகள் வழக்கெழுந்த நாள்களையே குறிக்கும். வழக்கில்லா நாள்களின் உழைப்பைக் குறியா. 1881-இல் விடுதலை பெற்ற எல்லன், 1898-இல் மகள் கேட் இறந்தபின் அவள் மக்களையும் வளர்த்தார், 1923-இல் மறைந்தார். ஏடுகளை மட்டும் நம்பின், குற்றத்தைக் காண்போம். குடும்பத்தைக் காணோம் என்பதே எம் கருத்து.