அட்டாரியும் பாலராமபுரத்துத் தறியும்

சன்னிவேல் பக்கம் குடியிருக்கும் நம்ம ஆட்களுக்கு போரேகாஸ் அவென்யூ தெரிந்திருக்கும். வேலைக்குப் போகிற வழியில் தினம் கடக்கிற தெரு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் மிகப் பெரிய வீடியோ கேம் கம்பெனியான அட்டாரியின் தலைமை அலுவலகம் அந்தத் தெருவில்தான் இருந்தது என்று சொன்னால் என் பையன் நம்பவில்லை. "அட்டாரின்னா டி-ஷர்ட் பிராண்டுதானப்பா?" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் அதிகம் கண்ணில் படுவது டி-ஷர்ட்டில்தான்.

பாறசாலைக்காரனுக்கு அட்டாரி கதையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

1972 ஜூன் மாதம் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரண்டு எஞ்சினியர்கள் ஆளுக்கு 250 டாலர் போட்டு ஆரம்பித்த கம்பெனி இது. 'கோ' என்ற பலகை விளையாட்டில் எதிராளியின் காய் வெட்டுப்படும் நிலைக்கு வந்தால் சொல்லும் ஜப்பானிய வார்த்தைதான் அட்டாரி. ஏறக்குறைய சதுரங்கத்தில் 'செக்' மாதிரி. ஆல் ஆல்கார்ன் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்து, பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ஆட்டம் செய்யச் சொன்னார்கள். இரண்டு கோடு, ஒரு பந்து. அதுதான் பாங்.

அதைச் சன்னிவேலில் எல் கமினோ ரியல் சாலையில் இருந்த ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று போன் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, சில்லறைப் பெட்டி நிரம்பி வழிகிறது! சிலிக்கான் வேலியில் இன்றுவரை சொல்லப்படும் கதைகளில் இது ஒன்று. (அதற்கு முன்பே ரால்ஃப் பேர் என்பவர் டிவியில் ஆடும் விளையாட்டை உருவாக்கி, அது மேக்னவாக்ஸ் ஒடிசி என்று 1972-லேயே கடைக்கு வந்துவிட்டது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட, 1976-ல் அட்டாரி சமரசம் செய்துகொண்டு லைசென்ஸ் வாங்கியது.)

1975 கிறிஸ்துமஸுக்கு வீட்டு டிவியில் ஆடும் பாங் வந்தது. சியர்ஸ் கடைக்காரர்கள் மட்டும் 1,50,000 பெட்டி ஆர்டர் கொடுத்தார்கள். 1976-ல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு அட்டாரியை வாங்கியது. 1977-ல் வந்தது விசிஎஸ் என்ற பெட்டி, பின்னால் 2600 என்று பெயர் பெற்றது. விலை 199 டாலர். கேட்ரிட்ஜ் மாற்றினால் ஆட்டம் மாறும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் வருகிறது.

அந்தப் பெட்டியில் நினைவகம் மொத்தம் 128 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் வைக்க முடியாது! முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடமே இல்லை. டிவி திரையில் படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வரையப்படுகிறது அல்லவா? ஒரு வரி ஓடி முடிவதற்குள் அந்த வரியில் என்ன நிறம், எங்கே பந்து என்பதை புரோகிராம் சொல்லியாக வேண்டும். ஒரு வரிக்கு பிராசஸருக்குக் கிடைப்பது 76 துடிப்பு. அதற்குள் வேலை முடியவில்லையென்றால் படம் சிதைந்துவிடும். இதை நொடிக்கு 60 முறை, முழுத் திரைக்கும் செய்ய வேண்டும்.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்குப் பாலராமபுரம்தான் ஞாபகம் வந்தது. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டி வந்து தெருத்தெருவாகக் குடியமர்த்தினார்கள். அரண்மனைக்குத் துணி நெய்யத்தான். ராஜா பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அங்கே குழித்தறியில் உட்கார்ந்தவர் செய்வதும் இதே வேலைதான். பாவு நீளவாக்கில் நிற்கிறது, ஊடை ஒவ்வொரு வரியாக விழுகிறது. எந்த வரியில் கசவு, எந்த வரியில் வெள்ளை என்று கை அறிந்து நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு வரி தப்பினால் துணியில் தெரியும். அட்டாரி புரோகிராமர் ஒளியில் நெய்தார், நம்ம ஆள் பருத்தியில்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கல்யாணத்துக்கு வாங்குகிற நேரியதில் கடையின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது. அட்டாரி கேட்ரிட்ஜிலும் அப்படியே. ஒரு ஆட்டத்தை ஒரே ஆள்தான் யோசித்து, எழுதி, படம் போட்டு, சத்தமும் சேர்த்தார். டப்பாவில் அவர் பெயர் கிடையாது.

1978-ல் வார்னர் ரே கசார் என்பவரைக் கொண்டு வந்தது. புஷ்னெல் அந்த வருஷக் கடைசியில் வெளியேற, கசார் தலைவரானார். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ். ஜவுளிக் கம்பெனி! (நான் கதை கட்டவில்லை, நிஜமாகவே ஜவுளி.)

அந்தச் சமயத்தில் கம்பெனிக்குள் ஒரு காகிதம் சுற்றியது. எந்த கேட்ரிட்ஜ் எவ்வளவு விற்றது என்ற கணக்கு. டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நாலு பேர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். 1978-ல் விற்ற சுமார் 10 கோடி டாலர் கேட்ரிட்ஜில் பாதிக்கு மேல் இந்த நாலு பேர் எழுதியது. சம்பளமோ ஆளுக்கு வருஷம் 30,000 டாலர் வாக்கில். கசாரிடம் போனார்கள். ஆட்டத்தில் பெயரும் விற்பனையில் சின்னப் பங்கும் கேட்டார்கள். கசார் தங்களைத் துண்டு டிசைன் செய்கிறவர்களோடும், கேட்ரிட்ஜைப் பொருத்தும் தொழிலாளியோடும் ஒப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார் என்று அவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

துண்டு டிசைன் செய்கிறவர் என்றால் என்ன குறைச்சல் என்று எனக்குத் தோன்றும். துண்டு நெய்கிறவருக்கும் பெயர் இருக்கிறது. கசாரின் தவறு புரோகிராமரைத் துண்டுக்காரரோடு ஒப்பிட்டதில் இல்லை. இரண்டு பேருமே யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்ததில் இருக்கிறது.

நாலு பேரும் வெளியே வந்து, 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் தொடங்கியது. அட்டாரி பெட்டிக்கு வெளியார் ஆட்டம் செய்வது அதுவரை யாரும் யோசிக்காத விஷயம். ஆக்டிவிஷன் தன் கேட்ரிட்ஜ்களோடு எழுதியவர் பெயரையும் படத்தையும் போட்டது. அட்டாரி வழக்குப் போட்டது. 1982-ல் ராயல்ட்டி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. அந்தச் சமரசத்தோடு கதவு திறந்தது. கேம் எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்ரிட்ஜ் போட ஆரம்பித்தார்கள்.

உள்ளேயே இருந்த வாரன் ராபினெட் வேறு வழி பார்த்தார். 'அட்வெஞ்சர்' என்ற ஆட்டத்தில் ஒரு ரகசிய அறை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு போனால்தான் அதற்குள் நுழைய முடியும். அங்கே அவர் பெயர் மின்னும். யாருக்கும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். 1980-ல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே தெரியும். இன்றைக்கு 'ஈஸ்டர் எக்' என்று உங்கள் பிள்ளைகள் தேடுகிறார்களே, அந்தப் பெயர் பரவியது இதிலிருந்துதான்.

இவ்வளவு நடந்தும் பணம் கொட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். 1980-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்ததும் பெட்டி விற்பனை எகிறியது. 1982-ல் வருமானம் சுமார் 200 கோடி டாலர். வார்னரின் லாபத்தில் பெரும்பங்கு அட்டாரியுடையது. ஆட்கள் ஓடுவதைப் பார்த்து, எழுதியவர்களுக்கு விற்பனையில் பங்கு கொடுக்கவும் பிறகு ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் அடித்தளம் ஆடிவிட்டது.

எப்படி? 1981 கடைசியில் விநியோகஸ்தர்களிடம், 1982 முழுவதற்கும் ஆர்டரை இப்போதே கொடுங்கள் என்று அட்டாரி கேட்டது. அதுவரை சரக்குத் தட்டுப்பாடு. கேட்டதில் பாதிதான் கிடைக்கும். ஓணத்துக்கு முன்னால் துணிக்கடைக்காரர் என்ன செய்வார்? நூறு வேண்டுமென்றால் இருநூறு எழுதுவார். அதையேதான் இவர்களும் செய்தார்கள். அட்டாரி அதை நிஜமான கிராக்கி என்று நம்பி உற்பத்தி செய்தது. பிறகு வெளியார் கேட்ரிட்ஜ்கள் கடை முழுக்க நிறைந்தபோது ஆர்டர்கள் வரிசையாக ரத்தாயின.

1982 மார்ச்சில் வந்த பேக்-மேன் லட்சக்கணக்கில் விற்றது, ஆனால் கடையில் ஆடிய ஆட்டம் மாதிரி இல்லை என்று வாங்கியவர்களுக்கு ஏமாற்றம். அடுத்து ஸ்பீல்பெர்க்கின் இ.டி. படத்து உரிமை. கொடுத்தது 2 கோடி டாலருக்கு மேல் என்று பரவலாகச் சொல்வார்கள். ஜூலைக் கடைசியில் ஒப்பந்தம். கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற திறமைசாலிக்குக் கிடைத்தது ஐந்தே வாரம். மற்ற ஆட்டங்களுக்கு ஆறேழு மாதம் ஆகும். சுமார் 40 லட்சம் கேட்ரிட்ஜ் அடித்ததில் பெரும்பகுதி திரும்பி வந்தது. உலகத்தின் மோசமான கேம் என்று அந்த ஒற்றை ஆள் தலையில் பழி போட்டார்கள். ஐந்து வாரம் கொடுத்தவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

1982 டிசம்பர் 7 அன்று எதிர்பார்த்த லாபம் வராது என்று வார்னர் அறிவித்தது. பங்கு விலை சடசடவென்று சரிந்தது. அறிவிப்புக்கு 23 நிமிடம் முன்னால் கசார் 5,000 பங்குகளை விற்றிருந்தார் என்பது பெரிய சர்ச்சையானது. 1983 ஜூலையில் விலகினார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அரசு அமைப்போடு சமரசம் செய்துகொண்டார்.

அதற்கு முன்பே, 1983 பிப்ரவரியில், உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றுவதாகச் சொல்லி சிலிக்கான் வேலியில் 1,700 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் கேட்ரிட்ஜும் பெட்டியும் பூட்டிய தொழிலாளிகள். செப்டம்பரில் டெக்சாஸ் எல் பாசோ கிடங்கிலிருந்து லாரி லாரியாகச் சரக்கைக் கொண்டுபோய் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்து மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் சொல்லிவந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். சுமார் 1,300 கேட்ரிட்ஜ் வெளியே வந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அட்டாரிக்கு நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல்.

1984 ஜூலையில் வீட்டு கேம், கம்ப்யூட்டர் பிரிவை கமடோர் நிறுவிய ஜாக் டிரமியலுக்கு வார்னர் தள்ளிவிட்டது. பிறகு ஜாகுவார் என்றொரு பெட்டி 1993-ல் வந்து தோற்றது. 1996-ல் ஒரு ஹார்ட் டிஸ்க் கம்பெனியோடு இணைப்பு. 1998-ல் ஹாஸ்ப்ரோ 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கிருந்து பிரெஞ்சுக் கம்பெனியான இன்ஃபோகிராம்ஸ் கைக்குப் போனது. அது அட்டாரி என்ற பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டது. நடுவில் 1983-லேயே நிண்டெண்டோ தன் பெட்டியை ஜப்பானுக்கு வெளியே விற்றுத்தர அட்டாரியிடம் பேச்சு நடத்தியிருக்கிறது. அது நடக்கவில்லை. 1985-ல் நிண்டெண்டோ தானே அமெரிக்கா வந்தபோது, அனுமதியில்லாத கேட்ரிட்ஜ் ஓடாதபடி பெட்டிக்குள் ஒரு சிப் வைத்துக்கொண்டு வந்தது. அட்டாரி பட்ட பாட்டைப் பார்த்துப் படித்த பாடம்.

1,700 பேர் என்ற எண்ணைப் படிக்கும்போது எனக்கு 2001 ஞாபகம் வரும். நான் வேலை பார்த்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒரு வியாழக்கிழமை எங்கள் டீமில் பாதிப் பேர் அட்டை வேலை செய்யாமல் வாசலில் நின்றோம். எச்-1பி-காரர்களுக்கு 60 நாள் அவகாசம் என்பதெல்லாம் 2017-ல்தான் வந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை. மூன்று வருஷம் நான் எழுதிய கோட் அங்கே ஓடிக்கொண்டிருந்தது, நான் வெளியே. ஊருக்குப் போன் போட்டால் அப்பா கேட்டது ஒன்றுதான்: "நீ செஞ்ச வேலைன்னு சொல்ல அங்க என்னமாவது உண்டாடே?" பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2022-லும் 2023-லும் இந்த அனுபவம் நம் வீடுகள் பலவற்றுக்கு வந்துபோனது.

பெயர் போட்டிருந்தால் அட்டாரி பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறிய ஆர்டர், ஐந்து வார அவசரம், சந்தை வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான் கவிழ்த்தது. ஆனால் நாலு பேர் கேட்ட ஒரு வரி பெயரும் சின்னப் பங்கும் கொடுத்திருந்தால் போட்டிக் கம்பெனி அப்போது பிறந்திருக்காது. வெள்ளம் புறப்பட்ட முதல் உடைப்பு அதுதான்.

அடுத்த முறை பிள்ளைகள் ஒரு கேமை ஆடி முடித்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும்போது உடனே அணைக்க விடாதீர்கள். ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் அதில் நம்ம ஊர்ப் பெயர்களும் வருகின்றன. விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளைப் பக்கம் போகிறவர்கள் வழியில் பாலராமபுரத்தில் வண்டியை நிறுத்தி, கடையில் வாங்காமல் தறி வீட்டிலேயே ஒரு நேரியது வாங்குங்கள். நெய்தவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.