முகத்தின் உரிமை

1902-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் மேல் முறையீட்டு மன்றத்தில் ஒரு புதுமையான வழக்கு தீர்ப்புக்கு வந்தது. மாவு ஆலை ஒன்றின் விளம்பரத் தாள்களில் ஓர் இளம்பெண்ணின் படம், அவள் அறியாமலேயே, ஏறத்தாழ 25,000 பிரதிகள் அச்சாகிக் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. அடையாளம் கண்டவர்களின் ஏளனத்தால் தாம் நோய்ப்படுக்கையில் விழுந்ததாக அப்பெண் முறையிட்டார். நான்கு நீதிபதிகள் அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லை என்றனர். மூவர் உண்டு என்றனர். அவர் தோற்றார். மக்களிடையே கண்டனம் எழவே, மறு ஆண்டே, எழுத்து மூலமான இசைவின்றி ஒருவரது பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று அம்மாநிலம் சட்டம் செய்தது.

சுவரில் ஒட்டிய படத்தை உரியவர் என்றேனும் கண்டுவிடுவார். நூறாண்டு கழித்து வந்த முறையோ ஓசையற்றது. படத்திலுள்ள முகத்தின் அமைப்பைக் கணிப்பொறி அளந்து எண்களாக்கிச் சேமித்துக்கொள்கிறது. பின்னர் எந்தக் கூட்டத்திலும் அம்முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. பூட்டின் சாவி களவுபோனால் பூட்டையே மாற்றிவிடலாம். அல்லாஹ் அளித்த முகத்தை மாற்றுவது எங்ஙனம்?

இவ்வபாயத்தை முதலில் உணர்ந்தது இல்லினாய்ஸ் மாநிலம். விரல் ரேகையைக் காட்டிப் பொருள் வாங்கும் வசதியை நடத்திய நிறுவனம் ஒன்று நொடித்துப்போனபோது, அதனிடம் குவிந்திருந்த ரேகைகள் யார் கைக்கு விலைபோகுமோ என்ற அச்சம் பிறந்தது. 2008-இல் வந்த சட்டம், ரேகையோ முக அளவோ எடுக்குமுன் எழுத்தில் அறிவித்து, எழுத்திலேயே இசைவு பெறவேண்டும் என்றது. கவனக்குறைவான மீறலுக்கு 1,000 டாலர். வேண்டுமென்றே மீறினால் 5,000 டாலர். உரியவரே வழக்காடலாம்.

பல ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த அச்சட்டத்தைக் கொண்டு 2015-இல் பேஸ்புக் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. படங்களிலிருந்து முகங்களைக் கேளாமல் அளந்தது என்பது குற்றச்சாட்டு. இத்தகைய வழக்குகளில் நிறுவனங்கள் எடுத்து வைத்த வாதம், "இதனால் உங்களுக்கு விளைந்த நட்டம் யாது?" என்பதே. விடை, ஒரு தாய் தொடுத்த வேறொரு வழக்கில் கிடைத்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்று, அவருடைய 14 வயது மகனின் பெருவிரல் ரேகையை எழுத்து மூலமான இசைவு எதுவும் பெறாமல் பதிந்திருந்தது. கேளாமல் எடுத்ததே உரிமை மீறல், வேறு நட்டம் காட்டத் தேவையில்லை என்று 2019 ஜனவரியில் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நம் நோக்கில் இவ்வரலாற்றின் உயிர்நாடி இத்தீர்ப்பே. பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் நுழையலாகாது என்று சூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. நுழைந்தவன் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பது அங்கே சமாதானம் ஆகாதே!

பேஸ்புக் 65 கோடி டாலர் தர இசைந்ததை 2021-இல் நீதிமன்றம் ஏற்றது. அதே நவம்பரில், நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முக அளவுகளை அழிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால், இணையத்துப் படங்களை வாரிக் காவல் துறைகளுக்கு விற்ற கிளியர்வியூ நிறுவனமோ, 2022-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே தன் தொகுப்பை விற்க முடியாது. இல்லினாய்ஸுக்கு வெளியேயுள்ள காவலர்களுக்குத் தடையில்லை.

2024-இல் இல்லினாய்ஸ் தன் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தியது. ஒரே மனிதரிடம் ஒரே முறையில் எத்தனை தடவை எடுத்தாலும் இனி ஒரே மீறல்தான். வணிகர்களுக்கு இது ஆறுதல். முன்கூட்டியே கேட்கவேண்டும் என்ற விதியில் மட்டும் சட்டமன்றம் கை வைக்கவில்லை.