காஞ்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவர்



நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜெர்மனி, இத்தாலி என்று போய்ப் படிக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் ஒரு நாள் ரோம், ஒரு நாள் ஏதென்ஸ் என்று பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்துப் படம் அனுப்புகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஏறத்தாழ 1,380 ஆண்டுகளுக்கு முன் இதே போல நம் தமிழ்நாட்டுப் பழைய நகரம் ஒன்றைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு மாணவரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

அவர் பெயர் யுவான் சுவாங். ஹர்ஷர் பாடத்தில் "சீனப் பயணி" என்று இரண்டு வரி படித்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் பயணி என்பதைவிட மாணவர் என்பதே அவருக்குப் பொருத்தம். பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகளில் அவருக்குச் சந்தேகங்கள் இருந்தன. மூல நூல்களைப் படித்தால்தான் தீரும் என்று புறப்பட்டார். அப்போது எல்லை தாண்டிப் போக அரசாங்கத் தடை இருந்தது. ரகசியமாகவே நாட்டை விட்டு வெளியேறினார். பாலைவனமும் பனிமலையும் தாண்டி, பீகாரில் இருந்த நாலந்தா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே மொத்தம் ஐந்து ஆண்டுகள் அளவில் படித்தார்.

நாலந்தாவில் அவருடைய ஆசிரியர் சீலபத்திரர். அப்போதே மிக முதியவர், நூறு வயதைத் தாண்டியவர் என்று யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய அவருடைய சீடர் சொல்கிறார். அந்தச் சீலபத்திரருக்கு ஆசிரியர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் காஞ்சிபுரம்.

தர்மபாலர் காஞ்சியில் ஓர் அமைச்சரின் மூத்த மகன். அரசர் தம் மகளை அவருக்கு மணம் முடிக்க ஏற்பாடு செய்தார். திருமணத்துக்கு முந்தின இரவு அவர் புத்தர் சிலை முன் அமர்ந்து மனமுருகி வேண்ட, ஒரு தெய்வம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் இருந்த மலை மடத்தில் விட்டதாகக் கதை. துறவியானவர், பிறகு நாலந்தாவின் பெரிய ஆசிரியராக உயர்ந்தார்.

அவரைப் பற்றி யுவான் சுவாங் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு நிகழ்ச்சி. தென்னாட்டு அறிஞர் ஒருவர் மகத நாட்டுக்கு வந்து, தர்மபாலரை வாதுக்கு அழைத்தார். தர்மபாலர் புறப்படும்போது, முப்பது வயது மாணவரான சீலபத்திரர் முன்வந்து, தாம் போவதாகக் கேட்டார். இந்தச் சின்ன வயதுக்காரரால் முடியுமா என்று மற்றவர்கள் தயங்கினார்கள். தர்மபாலர் தயங்கவில்லை. வயதைப் பார்க்க வேண்டாம், இவரால் முடியும் என்று அனுப்பினார். சீலபத்திரர் வென்று வந்தார். ஓர் ஆசிரியர் மாணவருக்குக் கொடுக்கக்கூடியது இதைவிடப் பெரிதாக வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுப் படித்த யுவான் சுவாங், 640 வாக்கில் வங்கம், கலிங்கம், ஆந்திரம் வழியாகக் காஞ்சிக்கு வந்தார். பல்லவர் காலம். நகரின் சுற்றளவு 30 லி என்று எழுதுகிறார். நம் கணக்கில் 10 முதல் 15 கிலோமீட்டர். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது கோயில்கள், ஏராளமான சமணர்கள், நகருக்குத் தெற்கே அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட நூறு அடி உயர ஸ்தூபி என்று பட்டியல் போடுகிறார். மக்கள் நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்கிறார். ஆனால் இங்குள்ள மொழி வடநாட்டு மொழியிலிருந்து கொஞ்சம்தான் வேறுபடுகிறது என்றும் எழுதிவிட்டார்! மடங்களில் தங்கி வடமொழியிலேயே பேசியதால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம். நம் ஓசூர் தொழிற்பேட்டைக்குப் புதிதாக வரும் வடமாநிலத் தொழிலாளிக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் முதலில் ஒன்றாகத்தானே கேட்கிறது!

காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போய்ப் படிக்கவும் நினைத்திருந்தார். ஆனால் இலங்கைத் துறவிகள் முந்நூறு பேர் இங்கே வந்திருந்தார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்றார்கள். அவர்களிடமே தம் பாடச் சந்தேகங்களைக் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார்.

645-இல் 657 நூல்களோடு சீனா திரும்பினார். 659-இல், பல உரையாசிரியர்களின் கருத்துகளைத் தொகுத்து ஒரு பெரிய நூலைச் சீன மொழியில் செய்தார். அதில் முதன்மை இடம் தர்மபாலரின் விளக்கத்துக்கே. அந்த மரபு ஜப்பானுக்கும் போயிற்று. நாரா நகரத்துப் பழைய மடங்களில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. காஞ்சியில் பிறந்தவரை நாராவில் அறிவார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

யுவான் சுவாங் பார்த்த மடங்களும் ஸ்தூபியும் இன்று இல்லை. நாம் காஞ்சியில் வியந்து பார்க்கும் கைலாசநாதர் கோயில் 700-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. வைகுண்டப் பெருமாள் கோயில் அதற்கும் பிந்தியது. அவர் வந்தபோது இரண்டுமே இல்லை. காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த ஏறத்தாழ எட்டு அடி உயரப் புத்தர் சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர் குறிப்பிட்ட சமணர்களின் நினைவாகத் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்கள் இருக்கின்றன.

ஓசூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது, கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டினால் காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலை வருகிறது. கல்யாணப் பட்டு எடுக்க மட்டுமே அதில் திரும்புகிறோம். அடுத்த முறை ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, பிள்ளைகளைத் திருப்பருத்திக்குன்றத்துக்குக் கூட்டிப் போங்கள். தர்மபாலர் கதையை வண்டியிலேயே சொல்லிவிடலாம்.

வெளிநாட்டில் படிக்கும் செல்வங்களே, உங்கள் பேராசிரியரிடம் அவருடைய ஆசிரியர் யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டு வையுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஊருக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். படம் அனுப்ப மறக்க வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.