வடகிழக்கு வழி: ஒரு பெயர் பிறந்த கதை

டி. கல்லுப்பட்டியில் ஊர் நடுவே ஓடும் சாலைக்கு இரண்டு பெயர். ஒரு பக்கம் போனால் ராஜபாளையம் ரோடு, மறுபக்கம் திரும்பினால் மதுரை ரோடு. அரசாங்கப் பலகையில் அது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி, செங்கோட்டை என்று போய், ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லத்தில் கடலைத் தொடுகிறது. எங்கே போய்ச் சேருமோ அந்த ஊரின் பேர்தான் நம் ஊர்களில் வழிக்குப் பேர்.

அந்தச் சாலை போய் முடியும் கரையில் விளைந்த மிளகும், அதற்கும் கிழக்கே விளைந்த கிராம்பும் ஜாதிக்காயும்தான் ஐரோப்பியர்களை ஆர்க்டிக் பனிக்கடலுக்குள் அனுப்பிவைத்தன. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, ஆப்பிரிக்காவைச் சுற்றும் வழி போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. மேற்கே போகும் வழியில் ஸ்பெயின் நின்றது. பிந்தி வந்த ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் மிச்சமிருந்த திசை வடக்கு. அமெரிக்காவின் தலைமேல் ஒரு வழி இருக்கலாம், நார்வே, ரஷ்யாவின் தலைமேல் இன்னொன்று இருக்கலாம் என்று நம்பினார்கள். ஒருவரும் கண்ணால் பார்க்கும் முன்பே இரண்டுக்கும் பெயர் விழுந்தது: வடமேற்கு வழி, வடகிழக்கு வழி.

யாருக்கு வடகிழக்கு? லண்டன் படகுத்துறையில், ஆம்ஸ்டர்டாம் படகுத்துறையில் நிற்பவருக்கு. கல்லுப்பட்டியிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், இமயத்தையும் சைபீரியாவையும் தாண்டி, ஓப் ஆறும் எனிசெய் ஆறும் கடல் சேரும் இடங்களுக்கு நடுவே காரா கடலில் போய் விழும். அந்த வழியின் முக்கியமான பகுதி அதுதான். நமக்கு அது சுத்தமான வடக்கு. பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இந்தியாவுக்கு வர வழி தேடியவர்கள் வைத்த பெயரில் இந்தியா இல்லை. அவர்கள் புறப்பட்ட திக்குதான் இருக்கிறது.

1553-இல் லண்டனிலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின. தலைவர் ஹியூ வில்லபி. புயலில் கப்பல்கள் பிரிந்துபோக, வில்லபியும் இரண்டு கப்பல்களின் ஆட்களும் கோலா தீபகற்பக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்க ஒதுங்கி, ஒருவர்கூட மிஞ்சாமல் மாண்டார்கள். மூன்றாவது கப்பலின் ரிச்சர்ட் சான்சலர் வெண்கடலில் கரையேறி, தரைவழியே மாஸ்கோ போய் இவான் மன்னரைக் கண்டார். சீனாவைத் தேடிப் போனவருக்கு ரஷ்யாவோடு வணிகம் கிடைத்தது. 1555-இல் மஸ்கோவி கம்பெனி அப்படித்தான் உண்டானது.

அந்தக் கடலில் அதற்கு முன் ஆளே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வெண்கடல் கரையில் வாழ்ந்த பொமோர் மக்கள் பாய்மரப் படகுகளில் கிழக்கே போய், மென்மயிர்த் தோல் வாங்கிவந்தார்கள். தாஸ் ஆற்றங்கரையில் மங்கசேயா என்றொரு சந்தை நகரம் எழுந்தது. அங்கே போகும் வழியை மங்கசேயா கடல்வழி என்றார்கள், நாம் ராஜபாளையம் ரோடு என்பதைப் போலவே. வெளிநாட்டார் நுழைந்துவிடுவார்கள் என்று அஞ்சி 1619-இல் மாஸ்கோ அந்தக் கடல்வழியை மூடியது. நகரமும் அழிந்தது, அதோடு பெயரும் போனது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம். போய்வந்து பழகிய மனிதர்கள் வைத்த பெயர் மறைந்து, வந்து சேராதவர்கள் வைத்த பெயர் உலக வரைபடத்தில் நின்றுவிட்டது.

டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் மூன்று முறை முயன்றார். மூன்றாவது பயணத்தில் கப்பல் பனியில் சிக்க, நோவயா செம்ல்யா தீவில் மரக்குடில் கட்டி 1596–97 குளிர்காலத்தைத் தாண்டினார்கள். திரும்பும் வழியில் 1597-இல் அவர் இறந்தார். அதே ஆண்டு இன்னொரு டச்சு அணி ஆப்பிரிக்காவைச் சுற்றி ஜாவா போய்த் திரும்பியது. வடக்கு வேண்டாம், தெற்கே போவோம் என்று டச்சு வணிகர்கள் முடிவு செய்தார்கள். 1602-இல் அவர்கள் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1658-இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. வடக்கே பனி வழிவிட்டிருந்தால் நம் முத்துக்குளித்துறையின் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வடகிழக்கு வழியை முதன்முதலில் முழுதாகக் கடந்தவர் அடால்ஃப் நோர்டன்ஷோல்ட். சுவீடனிலிருந்து 1878-இல் புறப்பட்ட அவருடைய ‘வேகா’ நீராவிக் கப்பல், பெரிங் நீரிணைக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் பனியில் உறைந்து நின்றது. பத்து மாதம் போல அங்கேயே கிடந்தது. பக்கத்தில் வாழ்ந்த சுக்சி மக்கள் அடிக்கடி கப்பலுக்கு வந்துபோனார்கள். 1879 ஜூலையில் பனி விட்டதும் இரண்டே நாளில் நீரிணையைத் தாண்டிவிட்டது. ஊர் திரும்பும்போது அந்தக் கப்பல் ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக 1879 டிசம்பரில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்தது. நோர்டன்ஷோல்ட் இரத்தினபுரிச் சுரங்கங்களைப் பார்த்தார், சுவடிகள் வாங்கினார். மூன்று நூற்றாண்டுக்கு முன் வில்லபி கனவு கண்டபடி, வடக்கு வழியாகப் புறப்பட்ட கப்பல் ஒன்று கடைசியில் நம் கடலுக்கு வந்தே விட்டது. ஆனால் அதற்குப் பத்து ஆண்டு முன்பே சூயஸ் கால்வாய் திறந்தாயிற்று. வேகாவும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

பெயர் மறுபடி மாறியது சோவியத் காலத்தில். 1932-இல் ‘சிபிரியகோவ்’ என்ற பனியுடைப்புக் கப்பல் குளிர்காலத் தங்கல் இல்லாமல் ஒரே பருவத்தில் அந்த வழியைக் கடந்தது. அந்த டிசம்பரிலேயே ஓட்டோ ஷ்மித் தலைமையில் வடக்குக் கடல்வழிக்கென்று தனி நிர்வாகம் அமைத்தார்கள். மாஸ்கோவிலிருந்து பார்த்தால் அது வெறும் வடக்கு. கிழக்கு என்ற சொல் உதிர்ந்தது.

இந்த இரண்டு பெயரையும் ஒன்றென்று எழுதுவது நம் செய்தித்தாள்களில் வழக்கமாகிவிட்டது. திருத்திக்கொள்ள வேண்டும். வடகிழக்கு வழி என்பது அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை உள்ள முழுத் தூரம். வடக்குக் கடல்வழி என்பது ரஷ்யச் சட்டம் எல்லை குறித்த பகுதி: நோவயா செம்ல்யா தீவிலிருந்து பெரிங் நீரிணை வரை, ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர். பாரென்ட்ஸ் கடல் முதலதில் உண்டு, இரண்டாவதில் இல்லை. இரண்டாவதற்குள் நுழைய ரஷ்யாவின் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 1991-இல்தான் அது திறக்கப்பட்டது. முதல் பெயரைச் சொன்னால் அது புவியியல், இரண்டாவதைச் சொன்னால் ஓர் அரசின் உரிமைக் கோரிக்கை. அமெரிக்கப் பக்கத்து வடமேற்கு வழிக்கும் இதே வழக்கு உண்டு. அது தன் உள்நாட்டு நீர் என்கிறது கனடா, சர்வதேச நீரிணை என்கிறது அமெரிக்கா.

2019 செப்டம்பரில் விளாடிவோஸ்டாக்கில் இந்தியாவும் ரஷ்யாவும் சென்னை–விளாடிவோஸ்டாக் கப்பல் வழிக்கு ஒப்பமிட்டன. சுமார் 10,300 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சூயஸ் வழியாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக நாற்பது நாள் என்றால், இதில் இருபத்துநான்கு நாள் என்பது அரசின் கணக்கு. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கிழக்குக் கடல்வழித்தடம். விளாடிவோஸ்டாக்கைத் தாண்டி வடக்கே பெரிங் நீரிணை வரை ஏறினால் ரஷ்யர்களின் வடக்குக் கடல்வழி தொடங்கிவிடும். அதில் கூட்டாகச் செயல்படுவது பற்றிப் பேச இரு நாடுகளின் பணிக்குழு 2024 அக்டோபரில் தில்லியில் முதன்முறையாகக் கூடியது.