வன்பொருளும் நிலைபேறும்: றவுட்டர் மென்பொருள் வரலாற்றில் ஒரு முரண்பாடு

இணைய இணைப்பைப் பல கணினிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் றவுட்டர் தன்னளவில் ஒரு சிறு கணினியே. அதனை இயக்கும் பணிசெயல் முறைமை சந்தைக்கு வரும் புதுப்புது வன்பொருள்களோடு இயைதல் வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தமின்றி நிலைபேறாக இயங்குதலும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பன என்றும், இவற்றிடையே சமநிலை காண்பது பொறியியலாளரின் திறமையைப் பொறுத்தது என்றும் பொதுவாகக் கூறப்படும். இம்முரண்பாட்டின் வேர் தொழினுட்பத்தில் மட்டுமன்றி உற்பத்தி உறவுகளிலும் உண்டு என்பதே நாம் இங்கு நிறுவ முற்படுவது.

வன்பொருளையும் பணிசெயல் முறைமையையும் இணைக்கும் செய்நிரல் 'செலுத்தி' எனப்படும். லினக்ஸில் அது கேர்னல் என்னும் மையப்பகுதியினுள்ளேயே இயங்குவதால், ஒரு செலுத்தியின் பிழை முழுச் சாதனத்தையும் வீழ்த்தவல்லது. அன்றியும், கேர்னலின் உள்ளமைப்பு அடிக்கடி மாறுவது. அதனை மாற்றுபவரே அதனோடு சேர்ந்துள்ள செலுத்திகளையும் அதற்கேற்பத் திருத்திவிடுவது அங்குள்ள வழக்கம். மூல நிரல் மறைக்கப்பட்ட செலுத்தியை அவ்வாறு திருத்துதல் இயலாது. சிஸ்கோ போன்ற பெருங்கம்பனி தனது முறைமையைத் தன் சாதனங்களுக்கென்றே ஆக்கியமையால் இவ்விடர் அதற்குப் பெரிதாக எழவில்லை; அது உடைமை தந்த வசதி.

2002இன் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.ரி.54ஜி என்னும் மலிவான றவுட்டரை வெளியிட்டது. அதனுள் லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்ததும், குனு பொது அனுமதிப்பத்திரத்தின்படி மூல நிரலை வெளியிடவேண்டிய நிலை ஏற்பட்டது. அதிலிருந்தே 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.ரி. என்னும் கூட்டுமுயற்சி தோன்றிற்று. ஆயின், கம்பியில்லா இணைப்புக்குரிய புறோட்கொம் சிப்பின் செலுத்தி மட்டும் மூல நிரலின்றி இரும வடிவிலேயே கிடைத்தது, அதுவும் 2.4 கேர்னலுக்கென ஆக்கப்பட்டது. 2.6 கேர்னல் 2003 டிசெம்பரிலேயே வெளிவந்திருந்தும், 2010இல் வந்த ஓப்பன்-டபிள்யூ.ஆர்.ரி. 10.03 பதிப்பிற்கூட அச்சாதனங்களுக்காகப் பழைய கேர்னலைத் தனியே பேணவேண்டியிருந்தது. இதனை நிலைபேறு என்பாரும் உளர். நாம் இதனை உறைநிலை என்றே கொள்வோம். பிழையற்றிருந்தமையாலன்று, தொடமுடியாதிருந்தமையாலேயே அது மாறாதிருந்தது.

இவ்வுறைநிலையை உடைத்தது ஊதியம் பெறாத உழைப்பே. ஒரு குழுவினர் இரும நிரலை ஆராய்ந்து சிப்பின் இயல்புகளை எழுதிவைத்தனர். வேறொரு குழுவினர் அக்குறிப்புகளை மட்டுங்கொண்டு புதிய செலுத்தியை எழுதினர். 2006இல் அது லினக்ஸ் 2.6.17இற் சேர்க்கப்பட்டது. இவ்விடத்து எமது துறையின் வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பே. தெல்லிப்பழை அமெரிக்க மிசன் பாடசாலையிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங் கண்டார். ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. ஏட்டை அரித்தவை கறையானும் காலமும், செலுத்தியை மறைத்தது இலாபம்.

1995இல் தொடங்கிய ஓப்பன்-பி.எஸ்.டி. முறைமை இத்தகைய இருமச் செலுத்திகளை ஏற்க மறுத்தது. அக்கொள்கையுறுதி மதிக்கத்தக்கது. ஆயின் எந்த வன்பொருளை வாங்குவதெனத் தெரிவுசெய்யும் வசதியுள்ளவர்க்கே அது எளிது. 1990இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் கட்டங்கட்டமாகத் தெல்லிப்பழைக்கும் அதன் அயற்கிராமங்களுக்கும் மீண்டு, வீட்டைக் கூரையிலிருந்து கட்டியெழுப்பவேண்டியிருந்த குடும்பத்துக்கு றவுட்டர் தெரிவுசெய்யும் பண்டமன்று. கிடைத்ததைப் பழுதாகும்வரை பயன்படுத்தும் பண்டம். பழைய சாதனம் எத்தனை ஆண்டு பாதுகாப்பாக இயங்கும் என்னும் வினா அங்குப் பணத்தின் வினாவாகவே எழுகின்றது.

2021இல் வெளிவந்த ஓப்பன்-டபிள்யூ.ஆர்.ரி. 21.02 பதிப்பு, 8 மெகாபைற்று பிளாஷ் நினைவகத்தையும் 64 மெகாபைற்று தற்காலிக நினைவகத்தையும் குறைந்தபட்சத் தேவையாக்கியது. இங்குக் கம்பனியின் மறைப்பைக் காரணங் காட்டவியலாது. வளர்ந்துவிட்ட மென்பொருளுக்குப் பழைய நினைவகம் போதவில்லை. எனினும் மூல நிரல் கையிலுள்ளமையால், வேண்டாத பகுதிகளைக் களைந்து சிறிய சாதனமொன்றுக்கெனத் தாமே தொகுத்துக்கொள்ள முயல்வார்க்கு வழி அடைபடவில்லை. 2.4 கேர்னலோடு பிணைக்கப்பட்ட செலுத்தியை வைத்திருந்தவர்க்கு அவ்வழியும் இருக்கவில்லை.