கணிப்பொறிக் காவலின் வரலாறு

தில்லியின் நேரு பிளேஸிலோ, மும்பையின் லாமிங்டன் சாலையிலோ, பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ புதிய கணிப்பொறி வாங்கச் செல்லும் நம்மவர் யாவரும் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்வைப்பார். ஒன்றில் இருப்பது ஆன்டிவைரஸ் என வழங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் மட்டும். மற்றொன்றில் அதனுடன் வேறு பல காவல்களும் ஒருங்கே சேர்ந்து, ‘டோட்டல் செக்யூரிட்டி’ என்பது போன்ற பெயருடன் விளங்கும். பின்னதற்கு விலை அதிகம். எதனைக் கொள்வது?

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது சிறிய வினா அன்று. பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதும், பண்டிகைக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் பதிவு செய்வதும், குழந்தைகளின் சான்றிதழ்களைச் சேமித்து வைப்பதும் இக்கருவியின் துணை கொண்டே நடைபெறுகின்றன. ஆதலின் இவ்விரு வகைக் காவல்களும் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் ஆராய்ந்து, பின்னர் விடை காண முற்படுவோம்.

1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர், பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்போர், ‘பிரெய்ன்’ என்னும் வைரஸை உருவாக்கினர். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைக் கண்டறியவே அதனைச் செய்ததாக அவர்கள் கூறினர். தங்கள் கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளேயே பொறித்திருந்தனர். ஃபிளாப்பித் தகடுகளின் வழியே அது நாடு விட்டு நாடு சென்றது. அக்காலத்து வைரஸ்கள் பெரும்பாலும் அவ்வாறே, கைக்குக் கை மாறும் தகடுகளில் பயணம் செய்தன.

நோய் ஒரே வகையாக இருந்தமையால் மருந்தும் ஒரே வகையாக அமைந்தது. ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய அடையாளக் குறிகளைத் தொகுத்து ஒரு பட்டியல் ஆக்குவர். கணிப்பொறியிலுள்ள கோப்புகளை அப்பட்டியலுடன் ஒப்பிட்டு, பொருந்துவனவற்றை நீக்குவர். நம் நாட்டிலும் இத்தொழில் விரைவில் வேரூன்றியது. 1991-ஆம் ஆண்டில் சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் தோன்றியது. அதன் மென்பொருள் பின்னர் ஜப்பானியச் சந்தையிலும் இடம்பெற்றது. புணே நகரில் கால்குலேட்டர்களைப் பழுதுபார்த்து வந்த கைலாஷ் கட்கரும் அவர் இளவல் சஞ்சய் கட்கரும் 1990-களில் ‘குயிக் ஹீல்’ என்னும் மென்பொருளை உருவாக்கி, நாடெங்கும் அறியப்படலாயினர். கடைக்காரர் இன்று நம் முன் வைக்கும் பெட்டி இவற்றுள் ஒன்றாகவும் இருத்தல் கூடும்.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பட்டியலில் இல்லாத புதிய வைரஸை அது அறியாது. எந்த வைரஸையும் பிழையின்றி இனங்காண வல்ல மென்பொருளை எவராலும் எழுத இயலாது என்பதை ஃப்ரெட் கோஹன் என்னும் அமெரிக்க அறிஞர் 1984-ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார். ‘நூற்றுக்கு நூறு பாதுகாப்பு’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பினும் அதனை நாம் முழுமையாக நம்புதல் கூடாது.

இணையம் பரவியதும் நிலைமை மாறியது. 1999-இல் ‘மெலிசா’வும், 2000-இல் ‘ஐ லவ் யூ’வும் மின்னஞ்சல் வழியே வந்தன. அவற்றிலாவது, வந்த இணைப்பை ஒருவர் திறந்தால்தான் கேடு விளையும். 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் தோன்றிய ‘ஸ்லாமர்’ அந்த அளவிற்கும் காத்திருக்கவில்லை. வெறும் 376 பைட் அளவே உடைய அது, வன்தட்டில் கோப்பாகத் தங்காமல் நினைவகத்திலேயே உலவி, தான் தாக்கக்கூடிய சர்வர் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் பற்றியது. கோப்புகளை மட்டும் சோதிக்கும் காவலனால் அதனைக் காண இயலவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘பிளாஸ்டர்’, இணையத்தில் இணைந்திருந்த வீட்டுக் கணிப்பொறிகளையும் தாக்கியது. இவ்விரண்டு குறைகளையும் அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முன்னரே வெளியிட்டிருந்தது. அவற்றை நிறுவாதவர்களே துன்புற்றனர். இது நாம் என்றும் மறக்கலாகாத பாடம்.

இவ்வாறு ஆபத்துகள் பலவானபோது காவல்களும் பலவாயின. வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வாயிலிலேயே தடுக்க ‘ஸோன் அலார்ம்’ போன்ற ஃபயர்வால்கள் வந்தன. நம் செயல்களை மறைந்திருந்து நோக்கும் ஒற்று மென்பொருள்களைக் களைய ‘ஆட்-அவேர்’, ‘ஸ்பைபாட்’ என்பன தோன்றின. இவற்றுள் பல இலவசமாகவே கிடைத்தன. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பித்து வருதல் வேண்டும். அன்றியும், ‘இந்த மென்பொருள் வெளியே தொடர்பு கொள்ளலாமா?’ என்று ஃபயர்வால் அடிக்கடி வினவும். விவரம் அறிந்தவர் ஆராய்ந்து விடை அளிப்பார். ஏனையோர் சலிப்புற்று ‘ஆம்’ என அழுத்திவிடுவர்.

இத்தொல்லைக்குத் தீர்வாக, 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ‘நார்ட்டன் இன்டர்நெட் செக்யூரிட்டி’ போன்ற தொகுப்புகள் வெளிவந்தன. ஒரே உரிமம், ஒரே திரை, ஒரே புதுப்பித்தல் என்னும் சௌகரியத்தைப் பலரும் வரவேற்றனர். ஆயின் அவை கணிப்பொறியின் வேகத்தைப் பெரிதும் குறைத்தன. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேகத்தையே முதன்மைக் குறிக்கோளாக நார்ட்டன் அறிவிக்க நேர்ந்தமை, அக்குறை எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

இதனிடையே மைக்ரோசாஃப்ட் இக்காவல்களை ஒவ்வொன்றாகத் தன் விண்டோஸினுள்ளேயே சேர்த்து வந்தது. 2004-இல் எக்ஸ்பிக்கு வெளிவந்த இரண்டாம் திருத்தத் தொகுதியில் ஃபயர்வால் தானே இயங்கத் தொடங்கியது. 2009-இல் இலவச வைரஸ் தடுப்பு தனியே அளிக்கப்பட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அது உடன்பிறந்த உறுப்பாயிற்று. தொடக்கத்தில் அதன் திறன் குறைவாக இருந்தது உண்மையே. ஆயினும் பிற்காலத்தில் நடுநிலைச் சோதனைக் கூடங்களில் அது முன்வரிசையில் இடம்பெறலாயிற்று. ஆகவே, கடைக்காரர் நீட்டும் பெட்டிகளுள் எதனையும் வாங்காத ஒருவரிடத்தும் இன்று ஓரளவு காவல் உண்டு.

காவலனே கேடு விளைவித்த நிகழ்ச்சிகளும் வரலாற்றில் உள்ளன. 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய புதுப்பித்தல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பையே வைரஸ் எனக் கருதிவிட, எண்ணற்ற கணிப்பொறிகள் முடங்கின. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையுற்ற புதுப்பித்தலால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகளைப் பயணிகள் பெற நேர்ந்தது. காவலுக்கு அப்பாலும் ஒரு காவல் வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன. முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் தனி வன்தட்டில் பிரதி எடுத்து, அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்தலே அக்காவல்.

இனி நம் வினாவுக்கு வருவோம். திருத்தங்களைத் தவறாது நிறுவி, வேண்டாத இணைப்புகளைத் திறவாது பழகியவருக்கு விண்டோஸில் உள்ள காவலே பெரும்பாலும் போதும். விரும்பினால் தனி வைரஸ் தடுப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பல கணிப்பொறிகள் இருந்து, அவற்றைக் குழந்தைகளும் முதியோரும் கையாள, கவனிக்க நேரம் இல்லாதவருக்குத் தொகுப்பே ஏற்றது. ஆனால் முதலாண்டு விலையை மட்டும் நோக்காது, புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேட்டறிதல் வேண்டும். இரண்டு வைரஸ் தடுப்புகளை ஒருசேர இயங்க விடுதல் எக்காரணத்தாலும் கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்க முற்பட, இரண்டும் மோதிக் கணிப்பொறி தளர்ந்துவிடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. திருத்தங்கள் வராத கணிப்பொறியின் மேல் எத்தொகுப்பை ஏற்றினும் அது அரைக்காவலே.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் குரலை இவ்விரு பெட்டிகளாலும் தடுத்துவிட இயலாது. அவ்வாறு பணம் இழக்க நேர்ந்தால், நாட்டின் எம்மாநிலத்தில் இருப்பினும் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணம் மீளும் வாய்ப்பு மிகும். அடுத்த முறை கடைக்காரர் பெட்டிகளை எடுத்து வைக்கும்போது, நம் வீட்டில் இவற்றைக் கவனித்துப் புதுப்பிக்கப் போகிறவர் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். அதற்கு விடை கிடைத்துவிட்டால், எப்பெட்டி என்பது தானே விளங்கும்.