லூசி புளூ திரம்பிளே: இரு மொழிகளில் ஒலித்த கனடியக் குரல்

லூசி புளூ திரம்பிளே கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த நாட்டுப்புற இசைப் பாடகி, பாடலாசிரியர். மொண்ட்ரியல் நகரிலிருந்து வந்த இவர், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் பாடல் எழுதிப் பாடினார். தாம் பெண்ணை நேசிக்கும் பெண், அதாவது லெஸ்பியன், என்பதை மறைக்காமல் மேடையேறியவர்.

கியூபெக்கில் மொழி என்பது உரிமைப் பிரச்சினை. 1977ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 101ஆவது சட்டம், அரசாங்கம், வேலையிடம், வர்த்தகம் அனைத்திலும் பிரெஞ்சுக்கு முதலிடம் தந்தது. பிரெஞ்சு வானொலி நிலையங்களும் தங்கள் பாடல்களில் பெரும்பகுதியைப் பிரெஞ்சிலேயே ஒலிபரப்ப வேண்டும். இத்தகைய சூழலில், ஒரே மேடையில் இரு மொழிகளையும் கலந்து பாடுவோருக்கு எந்தச் சந்தையும் முழுமையாகச் சொந்தமாகாது. அதே 1977இல்தான், ஒருவரின் பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் திருத்தப்பட்டது. கனடாவில் இதை முதலில் செய்த மாநிலம் கியூபெக்.

1984இல் கிரான்பி நகரில் நடைபெற்ற பாடல் விழாவில் லூசி பரிசுகள் வென்றார். அவரை அமெரிக்க ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தது ஒலிவியா ரெக்கார்ட்ஸ் நிறுவனம். பெண்களின் இசையைப் பெண்களே பதிவு செய்து விற்க வேண்டும் என்ற நோக்கில் 1973இல் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. பெரிய நிறுவனங்கள் ஏற்கத் தயங்கிய பாடகிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. பெண்களுக்கான இசை விழாக்களும் சிறு அரங்குகளும் அவர்களின் ரசிகர்களைப் பெருக்கின.

ஒலிவியா வெளியிட்ட லூசியின் முதல் இசைத்தட்டு, அவரது பெயரையே தாங்கி 1986இல் வந்தது. 1989இல் 'தாந்ரெஸ்' வெளியானது. 'மென்மை' என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 1992இல் 'டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' என்ற ஆங்கிலத் தலைப்புடன் அடுத்த இசைத்தட்டு வந்தது. தலைப்புகளிலேயே இரு மொழிகளும் தெரிகின்றன.

கனடா முழுவதும் ஒரே பாலினத் திருமணம் சட்டமானது 2005இல்தான். லூசியின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 19 ஆண்டுகள் கழித்தே அந்த அங்கீகாரம் கிடைத்தது. சட்டம் வருவதற்கு முன்பே, இரண்டு மொழிகளிலும் தம் காதலைப் பாடலாக்கியவர் என்பதே அவரது கலை வாழ்வின் சிறப்பு.